உயிருள்ள செல்லில் ஒளிரும் சாயம்: முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒளிரும் சாயம் ஏற்றி நான் எடுத்த முதல் படத்தில் செல் எதுவும் தெரியவில்லை. செல் வளரும் தட்டான டிஷ் முழுவதும் ஒரே பச்சை. லேசரைக் குறைத்தேன், செல்லைப் புதிதாக வளர்த்தேன், செல் வளரும் ஊட்டத் திரவமான மீடியத்தை மாற்றினேன். ஏறக்குறைய மூன்று மாதம் போன பிறகுதான் காரணம் பிடிபட்டது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை, குளிர் விடும் முன்பே ஒவ்வொரு முறையும் திறந்திருக்கிறேன். காற்றின் ஈரம் உள்ளே போய்ச் சாயத்தை முன்கூட்டியே உடைத்துவிட்டது. செல்லுக்குள் போய் ஒளிர வேண்டிய சாயம் வெளியிலேயே ஒளிர்ந்துகொண்டிருந்தது.

இதை யாரும் என்னிடம் மறைக்கவில்லை. பழகியவர்களுக்குக் கை தானாகச் செய்துவிடுகிறது, அதனால் சொல்லத் தோன்றுவதில்லை. சாயத்தோடு வரும் தாளில் "ஈரம் படாமல் வைக்கவும்" என்று ஒரே வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போனது. உங்களுக்கு அந்த மூன்று மாதம் மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு எளிய சோதனையை எடுத்துக்கொள்கிறேன். டிஷ்ஷில் ஒட்டி வளரும் செல்களில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று பார்ப்பது. அதற்கு மூன்று சாயங்கள்: கால்சீன் ஏஎம், புரோப்பிடியம் அயோடைடு, ஹோக்ஸ்ட் 33342. இந்த மூன்றையும் ஒழுங்காகக் கையாளத் தெரிந்துவிட்டால் மற்ற சாயங்களில் பெயரும் எண்ணும்தான் மாறும்.

எல்லாப் படிகளுக்கும் பொதுவாக ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். சாயமும் சரி, அதைப் பார்க்க நாம் அடிக்கும் வெளிச்சமும் சரி, இரண்டுமே செல்லுக்குத் தொல்லைதான். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மட்டும் சாயம், படம் பதிகிற அளவுக்கு மட்டும் வெளிச்சம். அதற்கு மேல் போனால் நீங்கள் பார்ப்பது உங்கள் செல்லை அல்ல, நீங்கள் துன்புறுத்திய செல்லை.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"செல்லுக்குச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. "இந்த மருந்து கொடுத்து 24 மணி நேரத்தில் எத்தனை செல் சாகிறது" என்பது கேள்வி. கேள்வி தெளிவானால் சாயம் தானாக முடிவாகும். மைட்டோகாண்ட்ரியாவைப் பார்க்க வேண்டும் என்றால் மைட்டோட்ராக்கர் அல்லது டி.எம்.ஆர்.எம். செல்லுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதைப் பார்க்க ஃபுளுவோ-4 ஏஎம். செல் எத்தனை முறை பிரிந்தது என்று எண்ண சி.எஃப்.எஸ்.இ.; ஒவ்வொரு பிரிவிலும் அதன் ஒளி ஏறக்குறையப் பாதியாகக் குறையும். நரம்பு இழை எங்கே போகிறது என்று தொடர டை-ஐ என்ற கொழுப்பில் கரையும் சாயம்.

நம் மூன்று சாயங்களும் எப்படி வேலை செய்கின்றன என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். பின்னால் வரும் தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன. கால்சீன் ஏஎம் ஒளிராத பொருள். செல் சவ்வைத் தாண்டி எளிதாக உள்ளே போகும். உள்ளே இருக்கும் எஸ்டரேஸ் நொதிகள் அதன் வாலை வெட்டிவிடும். வெட்டியதும் அது கால்சீன் ஆகிப் பச்சையாக ஒளிரும், வெளியே வரவும் முடியாது. ஆகவே பச்சை என்றால் நொதி வேலை செய்கிறது, சவ்வும் ஓட்டையில்லாமல் இருக்கிறது என்று பொருள். புரோப்பிடியம் அயோடைடு இதற்கு நேர்மாறு. நல்ல சவ்வைத் தாண்டாது. சவ்வு கிழிந்த செல்லில் மட்டும் நுழைந்து டி.என்.ஏ.வில் ஒட்டிச் சிவப்பாக ஒளிரும். ஹோக்ஸ்ட் 33342 உயிருள்ளது, செத்தது எல்லாவற்றுக்குள்ளும் போய் உட்கருவை நீலமாக்கும். மொத்தம் எத்தனை செல் என்று எண்ண அது உதவும்.

2. நுண்ணோக்கியைப் பார்த்துவிட்டுச் சாயம் வாங்குங்கள்

பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். சாயம் வந்து சேர்ந்த பிறகுதான் தங்கள் நுண்ணோக்கியில் அதற்கான ஃபில்டரே இல்லை என்று தெரியவருகிறது.

ஒவ்வொரு சாயத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு: எந்த அலைநீளத்தில் ஒளியை வாங்குகிறது, எந்த அலைநீளத்தில் திருப்பித் தருகிறது. கால்சீனுக்கு 494, 517 நானோமீட்டர். டி.என்.ஏ.வில் ஒட்டிய புரோப்பிடியத்துக்கு 535, 617. ஹோக்ஸ்டுக்கு 350, 461. இந்த ஆறு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு நுண்ணோக்கிப் பொறுப்பாளரிடம் போங்கள். விளக்கு வைத்த சாதாரண ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கி என்றால் டாப்பி, ஃபிட்சி, ட்ரிட்சி என்ற மூன்று ஃபில்டர் செட்டுகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். லேசரால் புள்ளி புள்ளியாகப் படமெடுக்கும் கன்ஃபோகல் நுண்ணோக்கி என்றால் 405, 488, 561 லேசர்கள் இருக்கின்றனவா, அவை மூன்றும் இன்று வேலை செய்கின்றனவா என்று கேளுங்கள். பட்டியலில் லேசர் இருப்பது ஒன்று, அது எரிவது இன்னொன்று.

405 லேசர் இல்லையென்றால் ஹோக்ஸ்டை விட்டுவிடுங்கள். மொத்த எண்ணிக்கைக்குச் சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படமே போதும்.

உங்கள் கல்லூரியில் கன்ஃபோகல் இல்லையென்றால் ஐ-ஸ்டெம் என்ற அரசுத் தளத்தில் தேடுங்கள். எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது, வெளியாட்களுக்குக் கொடுக்கிறார்களா என்று அதில் பார்க்கலாம். ஆனால் உயிருள்ள செல்லைப் பேருந்தில் எடுத்துக்கொண்டு இன்னொரு ஊருக்குப் போவது நடக்காத காரியம். அங்கேயே இரண்டு நாள் இன்குபேட்டரில் இடம் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

3. அனுமதிகளும் காகிதங்களும்

சாயம் வாங்க அனுமதி தேவையில்லை. எதில் ஏற்றப்போகிறீர்கள் என்பதற்குத்தான் அனுமதி.

மனிதச் செல் லைன் (லேபில் தொடர்ந்து வளர்த்துவரும் செல் வகை), மரபணு மாற்றிய செல் என்றால் உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் போக வேண்டும். எலி முதலிய விலங்கின் திசு என்றால் விலங்கு நெறிமுறைக் குழு, அதற்கு ஃபார்ம் பி என்ற விண்ணப்பம். நோயாளியிடமிருந்து எடுத்த திசு என்றால் மனித ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி, நோயாளியின் ஒப்புதல் படிவம் இரண்டும் வேண்டும். திசு மருத்துவமனையிலிருந்து வருகிறது, சோதனை உங்கள் கல்லூரியில் நடக்கிறது என்றால் பெரும்பாலும் இரண்டு இடத்துக் குழுக்களும் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தக் குழுக்கள் நினைத்த நேரத்தில் கூடுவதில்லை. அடுத்த கூட்டம் எப்போது, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்று இன்றே கேளுங்கள். எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால், புதிதாக விலங்குத் திசு வேண்டாம் என்பதே என் அறிவுரை. ஏற்கெனவே அனுமதி உள்ள செல் லைனில் செய்யுங்கள், அல்லது செடியில் செய்யுங்கள். வெங்காயத் தோலுக்கும் வேர் நுனிக்கும் யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம்.

செல் லைன் புதிதாக வேண்டுமென்றால் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் செல் களஞ்சியத்திலிருந்து வாங்கலாம். பக்கத்து லேபில் கேட்டு வாங்குவதுதான் எளிது, எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் அப்படி வந்த செல்லில் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா இருக்க வாய்ப்பு அதிகம். ஹோக்ஸ்ட் போட்டுப் பார்க்கும்போது உட்கருவுக்கு வெளியே பொடிப் பொடியாக நீலப் புள்ளிகள் தெரிந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் அந்தச் செல்லை அகற்றிவிடுங்கள்.

4. வாங்குதல்: விலை, காலம், பார்சல்

கால்சீன் ஏஎம் மைக்ரோகிராம் கணக்கில் விற்கும் பொருள். பெரும்பாலும் 1 மில்லிகிராம் ஒரே குப்பியில் ஒரு வகை, 50 மைக்ரோகிராம் வீதம் 20 குப்பிகள் கொண்ட பெட்டி இன்னொரு வகை என்று இருக்கும். பெட்டி விலை கூடுதல். இருந்தாலும் பெட்டியையே வாங்குங்கள். ஒரு பெரிய குப்பியை 20 முறை திறப்பதும் 20 குப்பிகளை ஒரு முறை திறப்பதும் ஒன்றல்ல. என் மூன்று மாதம் போனது இங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். 50 மைக்ரோகிராமை 50 மைக்ரோலிட்டரில் கரைத்தால், ஒரு மி.லி. திரவத்துக்கு ஒரு மைக்ரோலிட்டர் போதும். அதாவது ஒரு சின்னக் குப்பி 50 டிஷ்ஷுக்கு வரும். கிணறு எனப்படும் சிறு குழி ஒன்றுக்கு 100 மைக்ரோலிட்டர் பிடிக்கும் 96 கிணறு தட்டில் செய்தால் 500 கிணறு. இப்படிப் பிரித்துப் பார்த்தால் சாயத்தின் செலவு சின்னது. அடியில் கண்ணாடி வைத்த 35 மி.மீ. டிஷ்தான் கையைக் கடிக்கும், ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய் வரும். நுண்ணோக்கிக் கட்டணம் அதற்கும் மேல். வசதி மையங்கள் மணிக் கணக்கில் வாங்குகின்றன, உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்று, வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று. பட்ஜெட் போடும்போது சாயத்தை மட்டும் எழுதிவிட்டு டிஷ்ஷையும் மணிக் கட்டணத்தையும் மறந்துவிடாதீர்கள்.

அவ்வளவு பணம் இல்லையா? ஃபுளோரசீன் டைஅசிடேட் வாங்குங்கள். கால்சீன் ஏஎம் செய்யும் அதே வேலையை அதே முறையில் செய்யும். ஒரு கிராம் வாங்கும் காசுக்கு ஒரு மில்லிகிராம் கால்சீன் ஏஎம்கூட வராது. குறை ஒன்றுதான்: உள்ளே ஒளிரத் தொடங்கிய ஃபுளோரசீன் சீக்கிரம் வெளியே கசிந்துவிடும், அதனால் படத்தைச் சில நிமிடங்களுக்குள் எடுத்துவிட வேண்டும். பழகுவதற்கு அது போதும். புரோப்பிடியமும் ஹோக்ஸ்டும் அவ்வளவு விலை இல்லை, தண்ணீரில் கரைபவை, ஃப்ரிட்ஜில் இருட்டில் வைத்தால் பல மாதம் வரும்.

அரசு நிறுவனம் என்றால் ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளத்தில் அந்தப் பொருள் கிடைக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதற்கான அறிக்கையை இணைக்கச் சொல்வார்கள். ஒரே நிறுவனம் மட்டும் தயாரிக்கும் சாயம் என்றால் புரோப்ரைட்டரி சர்டிஃபிகேட் கேட்பார்கள். மற்றவற்றுக்கு மூன்று கொட்டேஷன். கொட்டேஷனில் கேட்லாக் எண், பேக் அளவு, எந்த வெப்பநிலையில் அனுப்புவார்கள் என்பது, ஜி.எஸ்.டி., டெலிவரி நாள் ஆகிய ஐந்தும் இருக்கிறதா பாருங்கள். இருப்பில் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியது என்றால் ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒருமுறை ஒன்பது வாரம் ஆனது.

பார்சல் வரும் நாளையும் நீங்கள்தான் கவனிக்க வேண்டும். ஐஸ் பேக்கோடு வந்த பெட்டி வெள்ளிக்கிழமை மாலை வாசல் செக்யூரிட்டி அறையில் இறங்கி, திங்கட்கிழமை காலை வரை அங்கேயே இருந்த கதை பல லேப்களில் உண்டு. பொங்கல், தீபாவளி வாரத்தில் அனுப்ப வேண்டாம் என்று டீலரிடம் முன்பே சொல்லுங்கள். ஸ்டோர்ஸில் இருக்கும் அண்ணனிடம் உங்கள் போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். வந்ததும் பெட்டிக்குள் ஐஸ் உருகியிருக்கிறதா என்று ஒரு போட்டோ எடுத்து, லாட் எண்ணை நோட்டில் எழுதிவிட்டுத்தான் ஃப்ரீசரில் வைக்க வேண்டும்.

5. குப்பியைத் திறக்கும் நாள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் வேகமாகத் தாண்டுகிறார்கள். நிதானமாகப் படியுங்கள்.

மைனஸ் 20 டிகிரியிலிருந்து எடுத்த குப்பியைச் சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவுக்குள்ளேயே வைத்து, அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள். குறைந்தது 30 நிமிடம். நம் ஊர்க் காற்றில், அதுவும் கடலோர ஊர்களில், குளிர்ந்த குப்பியைத் திறந்தால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் மேல் வியர்ப்பதுபோல் உள்ளேயும் வியர்க்கும். கால்சீன் ஏஎம், ஃபுளுவோ-4 ஏஎம் என்று பெயரின் கடைசியில் ஏஎம் வரும் எல்லாச் சாயங்களுக்கும் தண்ணீர் எதிரி.

அப்புறம், திறக்கும் முன் மைக்ரோஃப்யூஜில் சில நொடி சுற்றுங்கள். 50 மைக்ரோகிராம் என்பது கண்ணுக்குத் தெரியாது. "குப்பி காலியாக வந்திருக்கிறது" என்று டீலரைத் திட்டாதீர்கள், மூடியில் ஒட்டியிருக்கும்.

கரைக்க டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானைப் பயன்படுத்த வேண்டும். லேபில் பல நாளாகத் திறந்து மூடும் பெரிய பாட்டிலிலிருந்து எடுக்காதீர்கள். டி.எம்.எஸ்.ஓ. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அந்தப் பாட்டிலில் இப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நீரற்றது என்று எழுதிய சின்னப் பாட்டில் தனியாக வாங்கிச் சாயத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: டி.எம்.எஸ்.ஓ. 18.5 டிகிரியில் உறைந்துவிடும். ஏசி அதிகமாக இருக்கும் அறையில் அது கட்டியாக இருந்தால் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், கையில் வைத்திருந்தால் உருகிவிடும்.

கால்சீன் ஏஎம்மின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 995. 50 மைக்ரோகிராம் என்பது 50 நானோமோல். 50 மைக்ரோலிட்டர் டி.எம்.எஸ்.ஓ. சேர்த்தால் 1 மில்லிமோலார் ஸ்டாக், அதாவது பிறகு நீர்த்துப் பயன்படுத்தும் அடர்கரைசல். புரோப்பிடியத்தையும் ஹோக்ஸ்டையும் தண்ணீரில் மி.லி.க்கு 1 மில்லிகிராம் என்று கரைத்து வையுங்கள். ஹோக்ஸ்டுக்குத் தண்ணீரேதான், பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசலான பி.பி.எஸ். வேண்டாம். பாஸ்பேட்டில் அது சரியாகக் கரையாமல் அடியில் படியும். இப்படிச் செய்து வைத்தால் மூன்றுக்கும் ஒரே கணக்கு: ஒரு மி.லி.க்கு ஒரு மைக்ரோலிட்டர். அவசரத்தில் கை தவறாது.

ஏஎம் ஸ்டாக்கை 5 மைக்ரோலிட்டர் வீதம் சின்னக் குழாய்களில் பிரித்து, அலுமினியத் தாள் சுற்றி, தேதியும் லாட் எண்ணும் எழுதி, சிலிகா ஜெல் டப்பாவில் மைனஸ் 20இல் வையுங்கள். ஒரு குழாய் ஒரு நாளைக்கு. மிஞ்சினால் கொட்டிவிடுங்கள், திரும்ப உறைய வைக்காதீர்கள்.

ஸ்டாக் கெட்டுவிட்டதா என்று செல் இல்லாமலேயே பார்க்க வழி உண்டு. செல் இல்லாத வெறும் ஹேங்க்ஸ் கரைசலில் (செல்லுக்கு ஏற்ற உப்புக் கரைசல்) ஒரு மைக்ரோலிட்டர் போட்டு ஃபிட்சி ஃபில்டரில் பாருங்கள். இருட்டாக இருந்தால் ஸ்டாக் நலம். பச்சையாக மின்னினால் உடைந்துவிட்டது. ஒவ்வொரு சோதனை நாளும் காலையில் நான் முதலில் செய்வது இதுதான்.

கையுறை பற்றி. புரோப்பிடியமும் ஹோக்ஸ்டும் டி.என்.ஏ.வில் ஒட்டுபவை. டி.எம்.எஸ்.ஓ. தோல் வழியாக உள்ளே போகும், தன்னில் கரைந்திருப்பதையும் கூடவே கூட்டிப்போகும். நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள், சிந்தினால் உடனே மாற்றுங்கள்.

6. முதலில் வெங்காயம்

செல்லில் கை வைக்கும் முன் ஒரு மதியம் வெங்காயத்தோடு செலவழியுங்கள். சாம்பார் வெங்காயம் வேண்டாம், பெரிய வெங்காயம். உள்பக்க மெல்லிய தோலை உரித்து, 5 மி.மீ. சதுரமாக வெட்டி, தண்ணீரில் மிதக்க விடுங்கள். ஃபுளோரசீன் டைஅசிடேட்டை அசிட்டோனில் மி.லி.க்கு 5 மில்லிகிராம் கரைத்து, அதிலிருந்து ஒரு மைக்ரோலிட்டரை ஒரு மி.லி. தண்ணீரில் கலந்து, தோலை 5 நிமிடம் இருட்டில் ஊற வைத்துப் பாருங்கள். செல்லின் ஓரத்தில் பச்சை ஓடும், உட்கருவும் தெரியும். இன்னொரு துண்டைக் கொதிநீரில் போட்டு எடுத்து அதே சாயம் ஏற்றுங்கள். அதில் பச்சை இருக்காது.

வெங்காயத் தோலில் பச்சையம் கிடையாது, அதனால் பழகுவதற்கு நல்லது. இலையில் செய்தால் பச்சையம் தானாகவே 680 நானோமீட்டர் பக்கம் சிவப்பாக ஒளிர்ந்து குழப்பும்.

7. செல்லில் ஏற்றுவது

செல்லை முந்தின நாளே கண்ணாடி அடி டிஷ்ஷில் போட்டுவிடுங்கள். சோதனை அன்று பாதி முதல் முக்கால்வாசி இடம் நிரம்பியிருந்தால் சரி. கண்ணாடியின் தடிமன் 0.17 மி.மீ., அதாவது 1.5 எண் என்று போட்டிருக்க வேண்டும். பெரும்பாலான லென்ஸ்கள் அந்தத் தடிமனுக்குத்தான் செய்யப்பட்டவை.

சாயக் கலவையைத் தனிக் குழாயில் தயாரியுங்கள். ஃபீனால் ரெட் என்ற நிறமி இல்லாத, இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரமும் இல்லாத மீடியம் அல்லது ஹேங்க்ஸ் கரைசல் ஒரு மி.லி., 37 டிகிரிக்குச் சூடாக்கியது. அதில் மூன்று சாயமும் ஒவ்வொரு மைக்ரோலிட்டர். சீரம் ஏன் கூடாது? சீரத்திலும் எஸ்டரேஸ் இருக்கிறது, அது வெளியிலேயே கால்சீன் ஏஎம்மை வெட்டிவிடும். ஃபீனால் ரெட் ஏன் கூடாது? அது தானே ஒளிர்ந்து பின்னணியை ஏற்றிவிடும். ஸ்டாக்கை நேராக டிஷ்ஷில் விடாதீர்கள். விழுந்த இடத்தில் இருக்கும் செல்கள் மட்டும் டி.எம்.எஸ்.ஓ.வில் குளித்துச் செத்துப்போகும்.

பழைய மீடியத்தை எடுத்துவிட்டு, டிஷ்ஷின் ஓரமாகக் கலவையை மெதுவாக விடுங்கள். இருட்டில், 37 டிகிரியில், 20 முதல் 30 நிமிடம். கூடுதல் நேரம் வைத்தால் கூடுதல் நன்மை கிடையாது. சாயம் செல்லின் உள்ளறைகளிலும் போய்ச் சேர்ந்து புள்ளி புள்ளியாகத் தெரியத் தொடங்கும்.

இப்போது பெரிய பொறி. இந்தச் சோதனையில் கழுவ வேண்டாம். செத்த செல் டிஷ்ஷோடு சரியாக ஒட்டியிருக்காது. மூன்று முறை கழுவினால் செத்ததெல்லாம் போய்விடும், மிச்சம் உயிரோடு இருப்பதை எண்ணி "என் மருந்து யாரையும் கொல்லவில்லை" என்று எழுதிவிடுவீர்கள். அதே காரணத்தால் ஆரம்பத்தில் எடுத்த பழைய மீடியத்தையும் கொட்டாமல், அதில் மிதக்கும் செல்களைத் தனியாக எண்ணுங்கள். புரோப்பிடியம் டி.என்.ஏ.வில் ஒட்டும்போதுதான் பலமாக ஒளிரும், கழுவாமலே பின்னணி இருட்டாகத்தான் இருக்கும். கால்சீன் பின்னணி தொல்லை கொடுத்தால் ஒரே ஒரு முறை, மெதுவாக மாற்றுங்கள்.

கால்சீன் ஏஎம்முக்கு நான் சொன்ன ஒரு மி.லி.க்கு ஒரு மைக்ரோலிட்டர், அதாவது 1 மைக்ரோமோலார் என்பது தொடக்கப் புள்ளிதான். உங்கள் செல்லுக்கு 0.1, 0.25, 0.5, 1, 2 என்று ஐந்து கிணற்றில் போட்டு, தெளிவாகத் தெரிகிற மிகக் குறைந்த செறிவை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளைச் சேமிக்காதீர்கள்.

மங்கலாக இருக்கும் செல்லெல்லாம் செத்த செல் அல்ல. மருந்தை எதிர்க்கும் புற்றுச் செல்கள் சிலவற்றில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்ப் அதிகம். அது கால்சீன் ஏஎம்மையும் ஹோக்ஸ்டையும் உள்ளே நுழைந்தவுடன் வெளியே தள்ளும். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை என்று ஒரு செல் இருந்தால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

இந்தப் படங்களைச் செல்லை வேதிப்பொருளால் நிலைப்படுத்தி மறுநாள் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஃபார்மால்டிஹைடு போட்டால் எல்லாச் செல்லும் செத்ததுதான், கால்சீனும் கசிந்துவிடும். நிலைப்படுத்தியே ஆக வேண்டுமென்றால் மைட்டோட்ராக்கர் ரெட் சி.எம்.எக்ஸ்.ராஸ் மாதிரி உள்ளே பிணைந்து நிற்கும் சாயத்தைத் தேர்ந்தெடுங்கள்.

8. கன்ட்ரோல் டிஷ்கள்

குறைந்தது ஆறு வேண்டும். சாயமே இல்லாத டிஷ், செல்லின் தன்னொளி எவ்வளவு என்று பார்க்க. டி.எம்.எஸ்.ஓ. மட்டும் போட்டது. மூன்று சாயங்களுக்கும் தனித்தனியாக ஒன்று, ஒரு சாயத்தின் ஒளி இன்னொரு நிறத்துக்கான சேனலில் கசிகிறதா என்று பார்க்க. கடைசியாக, 70 சதவீத மெத்தனாலில் 30 நிமிடம் வைத்து வேண்டுமென்றே கொன்றது. இந்த டிஷ் முழுக்கச் சிவப்பாக வரவில்லை என்றால் அன்றைய மற்ற எந்தப் படத்தையும் நம்ப வேண்டாம்.

டிஷ் விலை அதிகம் என்று கன்ட்ரோலைக் குறைக்கச் சொல்வார்கள். எட்டுக் கிணறு கொண்ட கண்ணாடித் தட்டு ஒன்று வாங்கினால் எல்லாம் அதிலேயே அடங்கும், செலவும் குறையும்.

9. நுண்ணோக்கி முன்னால்

பதிவு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் 37 டிகிரி ஸ்டேஜை இயக்கச் சொல்லுங்கள். சூடாகிக்கொண்டிருக்கும் ஸ்டேஜில் ஃபோகஸ் நகர்ந்துகொண்டே இருக்கும். கார்பன் டைஆக்சைடு வசதி இல்லையென்றால் மீடியத்தில் அமிலத்தன்மை மாறாமல் காக்கும் ஹெப்பஸை 20 மில்லிமோலார் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிஷ்களுக்கு ஒரே நேரத்தில் சாயம் ஏற்றாதீர்கள். ஒரு டிஷ் பார்க்க 20 நிமிடம் ஆகும் என்றால், 20 நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். இல்லையென்றால் கடைசி டிஷ் இரண்டு மணி நேரம் சாயத்தில் கிடக்கும், அதில் சாவு அதிகமாகத் தெரிவதற்கு மருந்து காரணமா நீங்கள் காரணமா என்று சொல்ல முடியாது.

இடத்தைத் தேடுவது, ஃபோகஸ் செய்வது எல்லாம் சாதாரண வெளிச்சத்தில். லேசர் படம் எடுக்க மட்டும். வெளிச்சம் சாயத்தை வெளுக்க வைக்கும், சாயம் ஏறிய செல்லையும் கொல்லும். நீண்ட நேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பச்சையாக இருந்த செல் உங்கள் கண் முன்னாலேயே ஊதிப் புடைத்துச் சிவப்பாகும். சிவப்புச் சேனலை முதலில், பச்சையை அடுத்து, நீலத்தைக் கடைசியில் எடுங்கள். ஹோக்ஸ்டுக்கு அடிக்கும் ஒளிதான் இருப்பதிலேயே அதிகக் கேடு செய்வது.

டிடெக்டர் அளவை மிகவும் பிரகாசமான டிஷ்ஷில் வைத்துச் சரிசெய்யுங்கள். 12 பிட் படத்தில் உச்ச எண் 4095, எந்தச் செல்லும் அதைத் தொடக் கூடாது. பிறகு அன்று முழுவதும் அந்த அமைப்பைத் தொடாதீர்கள். மங்கலான டிஷ் வந்ததும் கை தானாக அந்தப் பொத்தானுக்குப் போகும். ஒரு முறை மாற்றினாலும் இரண்டு டிஷ்ஷையும் ஒப்பிடும் உரிமை போய்விடுகிறது.

நுண்ணோக்கி தரும் மூலக் கோப்பையே சேமியுங்கள். ஜேபெக் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் லேசர் சதவீதம், லென்ஸ், பிக்சல் அளவு எல்லாம் போய்விடும், ஆய்வேட்டில் எழுத ஒன்றும் இருக்காது. மூலக் கோப்பை ஃபிஜி என்ற இலவச மென்பொருளில் வீட்டிலேயே திறக்கலாம்.

10. திசுவுக்குப் போகும்போது

ஒற்றை அடுக்குச் செல்லில் கற்றது திசுவில் அப்படியே நடக்காது. சாயம் மேலடுக்கிலேயே நின்றுவிடும், ஏஎம் சாயங்களை மேலே இருக்கும் செல்களே வெட்டித் தீர்த்துவிடும். செறிவைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். கத்தி பட்ட மேற்பரப்பில் இருக்கும் செல்கள் எப்படியும் செத்திருக்கும், அங்கே தெரியும் சிவப்பை வைத்துத் திசுவே செத்துவிட்டது என்று முடிவு கட்டாமல் உள்ளே இறங்கிப் பாருங்கள்.

செடி வேரில் புரோப்பிடியம் போடுபவர்கள் கவனிக்க: உயிருள்ள செல்லின் சுவரிலும் அது ஒட்டும். செல்லைச் சுற்றிச் சிவப்புக் கோடு இருந்தால் உயிர், உள்ளே முழுக்கச் சிவப்பு நிரம்பியிருந்தால் சாவு. செடிக்குள் உணவு எந்த வழியாக ஓடுகிறது என்று தொடர விரும்பினால் கார்பாக்ஸிஃபுளோரசீன் டைஅசிடேட்டை ஒரு இலையில் லேசாகக் கீறி வையுங்கள். செல்லுக்குள் வெட்டுப்பட்டதும் அது சவ்வைத் தாண்டாமல், செல்களுக்கு இடையில் உள்ள நுண்பாதைகள் வழியாக ஃபுளோயத்தில் ஏறிப் போகும். சின்ன நாற்றாக இருந்தால் வேர் நுனி வரை தொடரலாம்.

நரம்பில் டை-ஐ வைப்பவர்கள் பிறகு எந்தச் சோப்புப் பொருளையும் பயன்படுத்தாதீர்கள். ட்ரைட்டன் பட்டால் சவ்வோடு சேர்ந்து சாயமும் கரைந்துபோகும். உயிருள்ள திசுவில் அது நாளுக்கு ஏறக்குறைய 6 மி.மீ. பரவும், நிலைப்படுத்திய திசுவில் அதில் சிறு பங்குதான், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்கேற்ப நாட்காட்டியைப் போடுங்கள்.

11. முடித்துவிட்டுக் கிளம்பும்போது

சாயம் கலந்த திரவத்தைத் தொட்டியில் ஊற்றாமல் மூடியுள்ள பழுப்பு பாட்டிலில் சேருங்கள், மேலே பெயர் எழுதுங்கள். செல் பட்ட டிஷ்களும் டிப்களும் உயிர்மருத்துவக் கழிவில் போக வேண்டும், உடைந்த கண்ணாடி தனியாக. எண்ணெய் லென்ஸை லென்ஸ் தாளால் துடையுங்கள், டிஷ்யூ பேப்பர் கூடாது.

விளக்கை அணைக்கும் முன் பதிவேட்டைப் பாருங்கள். பாதரச விளக்கை அணைத்தால் அது ஆற அரை மணி நேரம் ஆகும், அதற்குள் திரும்பப் போடக் கூடாது. விளக்கின் ஆயுளும் 200 முதல் 300 மணி நேரம்தான். உங்களுக்குப் பிறகு அரை மணி நேரத்தில் யாராவது வருகிறார்கள் என்றால் எரியவிட்டுவிட்டு, அவருக்கு ஒரு போன் செய்து சொல்லிவிட்டுப் போங்கள்.